குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இண்டி ராக் கச்சேரிகளைத் தவறவிடாமல் பார்ப்பது எப்படி?

இரணியல் பையன்

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் ஒரு பிளக்ஸ் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன், வயது 23. வேலை நேரம் முழுக்கக் காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சினிமாப் பாட்டு கேட்காமல் இல்லை, ஆனால் இரண்டு வருடமாக மனசு சொந்தப் பாட்டு போடுகிற இண்டி பேண்டுகள் பக்கம்தான் போகிறது. அவியலில் ஆரம்பித்தது, அப்புறம் மதர்ஜேன், சென்னையில் குரங்கன், தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், தி எஃப்16ஸ் என்று ஒன்று இன்னொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.

என் பிரச்சினை, எதுவுமே நேரத்துக்குத் தெரிவதில்லை. ஒரு பேண்ட் புதுப் பாட்டு விட்டு மூன்று மாதம் கழித்துத்தான் யூடியூப் கொண்டுவந்து காட்டுகிறது. கச்சேரி என்றால் இன்னும் மோசம், முடிந்த பிறகு யாரோ போட்ட வீடியோவில்தான் பார்க்கிறேன். போன மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு காபிக் கடை மாடியில் எனக்குப் பிடித்த பேண்ட் வாசிக்கிறது என்று இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போஸ்டர் பார்த்தேன். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு பைக்கை எடுத்தால், களியக்காவிளை தாண்டும்போதே மழை. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். கேட் பூட்டியிருந்தது, மாடியில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டி சேட்டன் என்னையும் சொட்டச் சொட்ட நின்ற ஹெல்மெட்டையும் பார்த்துவிட்டு, “மோனே, அது இன்னலே கழிஞ்ஞல்லோ” என்றார், நேற்றே முடிந்துவிட்டதாம். அந்தப் போஸ்டரில் தேதியே போடவில்லை, ‘நாளை மாலை’ என்று மட்டும் இருந்தது. முந்தின நாள் ராத்திரி போட்டதை நான் காலையில் பார்த்து, அதையும் நாளை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊர்த் திருவிழாவுக்கு எந்த நாள் யாருடைய கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி, என்பது இரண்டு வாரம் முன்னாலேயே என் கம்ப்யூட்டரில் இருக்கும், நான்தானே பிளக்ஸ் அடிக்கிறேன். இந்த பேண்டுகளின் கச்சேரி மட்டும் ஏன் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது? நீங்கள் எல்லாம் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்கள்? சென்னைக்குப் போனால்தான் உண்டா? ராத்திரி எப்படித் திரும்பி வருகிறீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய கேசட், வடசேரி

தம்பி, முதலில் சென்னையைக் கொஞ்சம் தள்ளி வை. நாகர்கோவிலில் இருந்து சென்னை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 70. நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, கோடு மாற்றிப் போட்டாலும் காது இன்னும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உனக்கு முதலில் பிடித்த அவியலே 2003இல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்த பேண்ட். மலையாள நாட்டுப்புற வரிகளை எடுத்து ராக் கிதாரில் போட்டு 2008இல் ஆல்பம் விட்டார்கள். நீ தேடுகிற ஊற்று உன் வீட்டுக்கு மேற்கே ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது.

என் காலத்தையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கொச்சியின் 13ஏடி பேண்ட் 1990இல் ஆல்பம் விட்டபோது அந்தக் கேசட் எங்கள் விடுதியில் ஆறு பேர் கை மாறிக் கடைசியில் என்னிடம் வந்தது, நாடா ஒரு இடத்தில் அறுந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பாட்டு ஒரு நொடி குதிக்கும். இன்றைக்கு அதே பாட்டைப் போனில் கேட்டாலும் அந்த இடம் வரும்போது என் கை அதுவாக நிற்கும். அப்புறம் 1993இல் அலகாபாத்தில் இருந்து அமித் சைகல் ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையை ஆரம்பித்தார். நண்பனின் அண்ணன் பெங்களூரில் வாங்கி ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். எங்கள் கைக்கு வரும்போது இரண்டு மாதப் பழைய இதழாக இருக்கும், அதில் இருக்கிற கச்சேரி எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் விடாமல் படிப்போம். எந்த ஊரில் யார் வாசிக்கிறார்கள், யார் எந்த பேண்டை விட்டு எதில் சேர்ந்தார்கள் என்று பெயர்கள் மனப்பாடம் ஆகிவிடும்.

இப்போதும் நான் செய்வது அதேதான், பெயர்களைப் பிடித்துக்கொள்வது. ஒரு பாட்டு பிடித்தால் வீடியோவுக்குக் கீழே இருக்கிற பெயர்கள் எல்லாவற்றையும் படி. யார் மிக்சிங், யார் பாஸ் கிதார், எந்த ஸ்டூடியோ. மலையாளத்துக் கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சி யூடியூபில் கிடைக்கிறது, தைக்குடம் பிரிட்ஜ் பேண்ட் பெயர் வாங்கியதே அதில்தான். அதில் ஒரு சீசனை உட்கார்ந்து பார்த்தால் ஐம்பது இசைக்காரர்கள் பெயர் கிடைக்கும், அவர்களைப் பின்தொடர்ந்தால் அவர்கள் இப்போது எந்த பேண்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். பேண்ட் உடையும், ஆள் எங்கேயாவது வாசித்துக்கொண்டுதான் இருப்பார்.

இன்னொன்று, வருடத்தில் எது எப்போது வரும் என்று ஒரு காலண்டரில் குறித்து வை. ஓணம் வாரத்தில் கேரளச் சுற்றுலாத் துறை திருவனந்தபுரத்தில் கனகக்குன்னு, நிசாகந்தி என்று ஊர் முழுக்க மேடை போடும், அதில் பேண்டுகளும் உண்டு, டிக்கெட் கிடையாது. நம் மாவட்டத்துக்கும் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், ஆகவே லீவு கேட்கிற பாடும் இல்லை. 2022 நவம்பரில் கோவளம் பக்கத்து வெள்ளாறு கலைக் கிராமத்தில் சர்வதேச இண்டி இசை விழா நடந்தது. எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது, மீதி நாட்களை விடவில்லை. புல்தரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டேன். நம் களியக்காவிளையில் இருந்து பூவார், விழிஞ்ஞம் வழியாகப் போனால் நகர நெரிசலே இல்லாமல் போய்விடலாம்.

சென்னைக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும். ஜனவரியில் ஐஐடியின் சாரங் விழா, இல்லாவிட்டால் டிசம்பர் கடைசியில் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு நடத்துகிற மார்கழியில் மக்களிசை. முன்னாலேயே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு வை.

குழித்துறை டிரம்மர்

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. போஸ்டர் ஏன் கடைசி நேரத்தில் வருகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கம் நிற்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பேன், சீசனில் கானமேளா, மீதி நேரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு.

திறந்த இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் காவல்துறை அனுமதி வேண்டும், அந்தத் தாள் கைக்கு வரும்வரை யாரும் தேதியை அறிவிக்கத் துணிய மாட்டார்கள். கடைக்காரர்களும் மூன்று நாள் முன்னால்தான் உறுதி சொல்வார்கள். அப்புறம் ஆள் சேர வேண்டும். நல்ல டிரம்மர் ஒருவர் மூன்று பேண்டுக்கு வாசிப்பார், திடீரென்று ஒரு கல்யாண ரிசப்ஷன் வந்தால் அதற்குத்தான் போவார், குடும்பம் நடக்கணுமே. சொந்தப் பாட்டுக் கச்சேரியில் எங்களுக்குக் கிடைப்பது பல தடவை பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். திருவிழாக் கமிட்டி ஆறு மாதம் முன்னால் அட்வான்ஸ் கொடுக்கிறது, அதனால்தான் உன் பிளக்ஸில் தேதி முன்னாலேயே வருகிறது.

ஆகவே பேண்டை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது. சவுண்ட் பார்க்கிறவரைப் பின்தொடர். ஒரு ஊரில் இந்த மாதிரிக் கச்சேரிக்கு சவுண்ட் செய்கிறவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், எல்லா பேண்டும் அவர்களிடம்தான் வந்து நிற்கும். பேண்ட் போஸ்டர் விடுவதற்கு முன்னாலேயே அவர் மிக்சரைத் துடைத்து வைத்து ஒரு படம் போடுவார், ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுதியிருப்பார். அதுதான் உனக்குச் செய்தி. அடுத்தது அந்த இடம், காபிக் கடையோ மாடியோ ஸ்டூடியோவோ, அதன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அறிவிப்பு மணியை அழுத்தி வை. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகவே பார்த்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எத்தனை மணி நேரம் முன்னால் போட்டது என்பதையும் பார்.

கச்சேரி காட்டுகிற ஆப்களில், பேண்ட்ஸின்டவுன், சங்கிக் இதெல்லாம், ஊர் நாகர்கோவில் என்று கொடுத்தால் பக்கம் வெறிச்சென்று இருக்கும். திருவனந்தபுரம், கொச்சி என்று கொடு. ஆனால் சின்னக் கச்சேரிகள் அதிலெல்லாம் ஏறுவதே இல்லை, அதற்கு வாட்ஸ்அப் குழுதான். குழுவில் சேர்வதற்கு ஒரே வழி, ஒரு கச்சேரிக்குப் போய் முடிந்த பிறகு வயர் சுற்றிக்கொண்டிருக்கிறவர்களிடம் பேசுவது. நாங்கள் யாரும் கடிக்க மாட்டோம், நீ வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம். அறுபது பேர் நிற்கிற மாடியில் ஒரு முகம் இரண்டாவது தடவை வந்தால் மேடையில் இருந்தே எங்களுக்குத் தெரியும்.

இரணியல் பையன்

அண்ணன்மாரே, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. சவுண்ட் பார்க்கிறவர்கள் மூன்று பேரை இப்போதே தேடிப் பிடித்துவிட்டேன், ஒருவர் ஊர் பாறசாலைதான்! இன்னொரு கேள்வி. நான் ஸ்பாட்டிஃபையில் தினமும் கேட்கிறேன், அதில் அவர்களுக்குக் காசு போகிறதா? நேரடியாகக் கொடுக்க வழி இருக்கிறதா?

குழித்துறை டிரம்மர்

போகும், ஆனால் துளித்துளியாக. 2024இல் இருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை ஓடியிருந்தால்தான் அந்தப் பாட்டு கணக்கிலேயே வரும். எங்கள் பாட்டில் ஒன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டியது. பேண்டுகள் நேராகப் பாட்டு விற்கிற தளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு அவர்கள் 15 சதவீதம் எடுப்பார்கள், 2020 மார்ச்சில் இருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் எடுப்பதில்லை. வெளிநாட்டு பேண்டுகளுக்கு அது நல்ல வழி. நம் நாட்டு பேண்டுக்கு நீ வாங்கப் போனால் சில இடத்தில் சிக்கும், இணையத்தில் பணம் அனுப்புகிற பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் நடக்கிற பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஆனால் பேண்ட்கேம்பில் ‘ஃபாலோ’ கொடுத்து வை, புதுப் பாட்டு வந்தால் நேராக மெயிலில் வரும், யூடியூப் மாதிரி மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

எங்களுக்கு நேராகக் காசு வருவது கச்சேரி டிக்கெட்டிலும் அங்கே மேசையில் விற்கிற டி-ஷர்ட்டிலும்தான். ஸ்கேன் செய்து அனுப்பு, அந்த ராத்திரியே டீசல் போடுவோம்.

குளச்சல் கரை

எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. நம் மாவட்டத்தில் நேரடி இசைக்கு என்ன குறை? டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேர், கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு குருசடிக்கும், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலுக்கும், ஒரு திருநாள், சுடலை, இசக்கி கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டு. எங்கள் ஊர்த் திருவிழாவில் கானமேளா என்றால் மூவாயிரம் பேர் மணலில் உட்கார்ந்து கேட்பார்கள். அதை விட்டுவிட்டு அறுபது பேர் நிற்கிற மாடிக்கு மாநில எல்லை தாண்டிப் போகணுமா? உள்ளூர்க் கலைஞனுக்குக் கை தட்டினால் போதாதா?

குழித்துறை டிரம்மர்

அண்ணே, நீங்கள் சொல்கிற அந்த மணலில் நான் வாசித்திருக்கிறேன், உப்புக் காற்றில் சிம்பல் பச்சை பிடித்துப் போகும், அந்தக் கூட்டத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். எனக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தது கோயில்தான். குமரி மாவட்டத்தில் கிதார், கீபோர்டு தெரிந்த பையன்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணமே ஞாயிறு ஆராதனை.

ஆனால் கானமேளாவில் எங்களிடம் கேட்பது சினிமாப் பாட்டு. கமிட்டி பட்டியலைக் கையில் கொடுக்கும். ஒரு தடவை ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், பட்டியல் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று வாசிக்கிறோம் என்று கேட்டோம். ஒன்றரை நிமிடத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் கொஞ்ச நேரம் மைக் இல்லாமலே வாசித்துக்கொண்டிருந்தேன், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாடியில் அறுபது பேர் வருவது நாங்கள் எழுதியதைக் கேட்பதற்காக. இரண்டும் ஒன்றில்லை அண்ணே, எனக்கு இரண்டும் வேண்டும்.

வில்லுப்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் பெரிய ஆசை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியபோது கானாவையும் பறையையும் கிதாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் குடமும் உடுக்கையும் அப்படி ஒரு மேடையில் ஏன் வரக்கூடாது? எங்கள் புதுப் பாட்டு ஒன்றில் குடம் அடிப்பதற்கு ஒரு வில்லிசைக்காரரிடம் பேசியிருக்கிறோம். மண் குடத்தின் வாயில் அவர் பாளை மட்டையால் ஒரு தட்டுத் தட்டினார், என் கிக் டிரம்முக்குள் போர்வை மடித்து வைத்து நான் மூன்று வருடமாகத் தேடிய சத்தம் அதில் இருந்தது.

குளச்சல் கரை

மைக்கை அணைத்தது தப்பு. எங்கள் ஊரில் அப்படி நடக்க விட மாட்டோம். குடம் வைத்த பாட்டு தயாரானால் எனக்குச் சொல்லு, கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். பட்டியலுக்கு நடுவில் வைத்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள், கடைசியில் வைக்காதே.

ராத்திரி ஷிஃப்ட், மார்த்தாண்டம்

தம்பி ராத்திரி திரும்புவதைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், ஏழு வருடமாக இந்த வழியில் போய் வருகிறேன், கச்சேரிக்கும் போவேன்.

ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை தடை, 2000ஆம் ஆண்டு விதி. ஆகவே திறந்தவெளிக் கச்சேரி பெரும்பாலும் பத்துக்குள் முடிந்துவிடும், கனகக்குன்னில் இருந்து ஆட்டோ பிடித்தால் தம்பானூர் பஸ் நிலையம் பக்கம்தான், ராத்திரியும் நாகர்கோவில் பஸ் இருக்கும். மூடிய அரங்கு என்றால் இழுத்துக்கொண்டே போகும், அப்போது கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பவும் மனசைத் தயார் செய்துகொள். ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய நேரத்தை நம்பாமல் அன்றைக்குக் காலையில் பார். மழைக் காலத்தில் தயவுசெய்து பைக்கில் வராதே. நெய்யாற்றின்கரை ரோட்டில் இருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்களிடம் வருகிற பையன்களை நான் பார்க்கிறவள், அதனால் சொல்கிறேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால், முதல் தடவை தனியாகப் போகத் தயங்கினால், எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போகலாம். நான் முதலில் போனது திருவனந்தபுரத்து மானவீயம் வீதிக்கு. சாலை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் டிக்கெட் கேட்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்துத் தட்டுக்கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டேன். அப்படி ஆரம்பித்தால் பயம் விட்டுப் போகும்.

அப்புறம் காது. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் சுலபமாக அவ்வளவு வரும். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் சின்ன விலைக்குக் கிடைக்கும், உருட்டிச் சின்னதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் பிடி. பாட்டு நன்றாகவே கேட்கும். டிரம்மர் தம்பி, உனக்கும்தான். கச்சேரி முடிந்து காதில் ‘ங்ங்’ என்று கேட்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு, அது அடிபட்ட காது போடுகிற சத்தம்.

கூட்டம் பெரிதாக இருந்தால் உள்ளே போன உடனே வெளியே போகிற வழி எது என்று பார்த்து வை. 2023 நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கச்சேரிக்கு முன் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு நாலு பேர் இறந்துபோய்விட்டார்கள். நான் எப்போதும் ஓரமாகத்தான் நிற்பேன்.

குழித்துறை டிரம்மர்

வாங்கிவிடுகிறேன் அக்கா. இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

இரணியல் பையன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போய்விட்டு வந்தேன்! பாறசாலை சவுண்ட் அண்ணன் வியாழக்கிழமை மிக்சர் படம் போட்டார், சனிக்கிழமை நான் அந்த இடத்தில் ஐந்தரை மணிக்கே நின்றேன். சவுண்ட் செக் நடக்கும்போதே உள்ளே விட்டார்கள். பாஸ் கிதார் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது, போனில் இத்தனை நாள் கேட்ட பாட்டில் இப்படி ஒரு பாஸ் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கேட்டது முழுக்கச் சொந்தப் பாட்டு, எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இரண்டு இன்னும் வெளியே விடாத பாட்டு. முடிந்த பிறகு அண்ணன் சொன்ன மாதிரி வயர் சுற்றுகிற இடத்தில் போய் நின்றேன். ஒருவர் என் கையில் ஒரு நுனியைக் கொடுத்து, முழங்கையில் சுற்றாதே, வளையம் வளையமாக விடு என்று சொல்லிக்கொடுத்தார். ராத்திரி வீட்டுக்கு வரும்போது வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தேன். அக்கா, அடைப்பான் போட்டிருந்தேன், காலையில் காதில் ஒரு சத்தமும் இல்லை.

அவர்களிடம் போஸ்டர் பற்றியும் பேசினேன். அடுத்த கச்சேரிக்கு நான் காசு வாங்காமல் போஸ்டர் செய்து தருகிறேன், தேதி, கிழமை, நேரம் மூன்றும் பெரிய எழுத்தில் வைப்பேன் என்று சொன்னேன். அனுப்பிவிட்டேன், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. இங்கே முதலில் சொல்கிறேன், வருகிற சனிக்கிழமை, மாலை ஆறரை. யாரெல்லாம் வருகிறீர்கள்? நான் இரணியலில் ரயில் ஏறுகிறேன்.

பழைய கேசட், வடசேரி

நானும் என் மகளும் வருகிறோம். டவுன் ஸ்டேஷனில் ஏறி முன் பெட்டியில் இருப்போம், நீயும் பிளாட்பாரத்தில் முன்னால் வந்து நில்.

ராத்திரி ஷிஃப்ட், மார்த்தாண்டம்

எனக்கு அன்றைக்குப் பகல் டியூட்டி, ஆறு மணிக்கு நேராக அங்கே வந்துவிடுகிறேன். திரும்பும்போது குழித்துறை வரை துணை இருக்கிறது, நல்லது.